முனியம்மாள் இன்று பணிக்கு வந்துள்ளார்

முனியம்மாளை வேலையிலிருந்து நிறுத்தியது ஒரு புதன்கிழமை. மறுநாள் காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு, அவள் வேலைக்கு வந்துவிட்டதாக அவள் போனுக்கே செய்தி வந்தது.

மாகறலுக்கு வெளியே, செய்யாற்றங்கரை ஓரமாக இருக்கும் இருளர் காலனியில், தன் வீட்டு வாசலில் குந்திக்கொண்டு அவள் அப்போது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் படித்தாள். 'அன்புள்ள முனியம்மாள், தங்கள் இன்றைய வருகை 7:52 மணிக்குப் பதிவாகியுள்ளது. பாதுகாப்பே நம் மூச்சு. இனிய நாளாக அமையட்டும்.'

தமிழ்ப் பற்றுள்ள கம்பெனி. எல்லாச் செய்தியையும் தமிழில்தான் அனுப்பும். ஒன்பது வருடமாக இதே செய்தியைக் கார்டு தேய்த்த மறு நிமிடமே மெஷின் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். கீரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

சவுக்கு வெட்டக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் தண்டபாணியிடம் காட்டினாள்.

"மெசின் தப்பா அனுப்பியிருக்கும், வுடு" என்றான் அவன். வெள்ளிக்கிழமையும் வந்தது. சனிக்கிழமையும் வந்தது. திங்கட்கிழமை காலை போன் சிணுங்கியதும் தண்டபாணி அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

"இன்னாமே, நீ வேலைக்குப் போயிக்கினுதான் கீறேன்னா, இங்க எனக்குக் கஞ்சி ஊத்தறது யாரு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். ஆனால் பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தான்.

வேலை போன கதை சின்னது. உத்திரமேரூர் போகிற சாலையில், கார் கதவுக்கு வைக்கிற ரப்பர் பட்டை செய்யும் கம்பெனி அது. பக்கத்து மெஷினில் நின்ற ஆண்டாளம்மாளின் கோட்டுக் கை ரோலருக்குள் போய்விட்டது. முனியம்மாள் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். மொத்த லைனும் இருபத்திரண்டு நிமிடம் நின்றது. ஆண்டாளம்மாளின் கை முழங்கை வரை சிராய்த்து வெளியே வந்தது. விரல் ஐந்தும் இருந்தன.

கம்பெனி ஒரு நாள் முழுக்க விசாரித்து இரண்டு முடிவுக்கு வந்தது. ஒன்று, பொத்தான் நன்றாக வேலை செய்கிறது. இரண்டு, அதை அமுக்கும் அதிகாரம் சூப்பர்வைசருக்கு மட்டுமே உண்டு. சூப்பர்வைசர் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வரும்வரை காத்திராமல் உற்பத்திக்கு இடைஞ்சல் செய்ததற்காக, "கார்ட குடுத்துட்டுப் போம்மா, நாளைலேர்ந்து வராத" என்று முனியம்மாளிடம் சொன்னார்கள். காகிதம் எதுவும் கொடுக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமையே அவள் கம்பெனி கேட்டுக்குப் போனாள். காவலுக்கு இருந்த ஜெகன் பழகிய ஆள். அவளைப் பார்த்ததும் ரிஜிஸ்டரைப் புரட்டினான்.

"நீ உள்ள போயிட்டியே முனிமா. ஏழு அம்பத்திரண்டு."

"நான் இங்க நின்னுக்கினு கீறனே, கண்ணு தெரில?"

"தெரியுது. அதான் பேஜாரு." ஜெகன் குரலைத் தாழ்த்தினான். "உள்ள போன ஆளு வெளிய வராம மறுபடி உள்ள போவ முடியாது. நான் உன்ன வுட்டா ரெண்டு முனியம்மா ஆயிடும். ராத்திரி சிஃப்ட்டுக்காரன் எண்ணிப் பாத்தான்னா என் வேல பூடும்."

"அப்ப உள்ள கீறது யாரு?"

ஜெகன் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தான். "தெரில. தொப்பி, மாஸ்கு, கோட்டு போட்டா எல்லாம் ஒண்ணாத்தான் கீது. கார்டு உன்துதான்."

அவள் நகராமல் நின்றதால் மனிதவள அதிகாரி கிருத்திவாசன் கேட் வரைக்கும் வந்தார். முகத்தில் சிரிப்பு மாறாத மனிதர். பேசும்போது இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவார், கையில் ஒன்றும் ஒளித்து வைக்கவில்லை என்பது போல.

"நாங்க யாரையும் வேலையை விட்டு அனுப்பறதில்லம்மா. கம்பெனி ஆரம்பிச்சு பதினாலு வருஷம் ஆச்சு. 'பணிநீக்கம்'ங்கற வார்த்தைய ஒரு பேப்பர்லகூட நாங்க எழுதினதில்ல. எழுதாத ஒண்ணு எப்படி நடந்திருக்கும்? இது குடும்பம். குடும்பத்துல யாராவது லெட்டர் குடுத்து அனுப்பறாங்களா?"

"அப்ப நான் உள்ள போலாமா சார்?"

"நீங்க உள்ளதான் இருக்கீங்க" என்றார் கிருத்திவாசன், மிகுந்த அன்போடு.

அன்று திரும்பி வருகையில் கூட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றாள். முதல் ஷிஃப்ட் முடித்த கம்பெனி வேன் அவளைத் தாண்டிப் போனது. இடது பக்கம் மூன்றாவது ஜன்னல் அவள் சீட். கண்ணாடியில் ஒரு விரிசல், அதில் அவளே ஒட்டிய பிளாஸ்திரி. பிளாஸ்திரிக்குப் பின்னால் நீலத் தொப்பியும் மாஸ்க்குமாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வேனில் இருந்த அத்தனை பேரும் ரோட்டில் நின்ற முனியம்மாளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த ஒருத்தி மட்டும் குனியவில்லை. வேன் வளைவில் மறையும் வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

முனியம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வெயில் கொளுத்துகிற சித்திரை மாதம்.

ஆண்டாளம்மாள் வீட்டுக்குப் போய்க் கேட்டாள். ஆண்டாளம்மாள் வாசல்படியைத் தாண்டி வரவில்லை. பிழைத்த கையைப் புடவைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள்.

"என்னக் கேக்காத முனிமா. உன் மெசினாண்ட ஒருத்தி நிக்கறா. முனியம்மான்னா திரும்பறா. எனக்கு அவ்ளோதான் தெரியும்."

"என் பேரச் சொல்லி நீ அவளக் கூப்டறியா?"

ஆண்டாளம்மாள் அழ ஆரம்பித்தாள். அதற்குமேல் என்ன கேட்பது?

சமரச அலுவலகம் டவுனில் மாடியில் இருந்தது. வேலை இழந்தவரும் வேலை கொடுத்தவரும் கோர்ட்டுக்குப் போகும் முன்பு உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்வதற்காக அரசாங்கம் வைத்திருக்கும் இடம் அது. உட்கார ஒரே ஒரு பெஞ்சுதான் போட்டிருந்தார்கள். அதற்கு மூன்று கால். நான்காவது காலுக்குப் பதிலாக முடிவுக்கு வந்த வழக்குகளின் கட்டு ஒன்றை வைத்திருந்தார்கள்.

அதிகாரியின் பெயர் தேசிகன். நெற்றியில் சன்னமாக ஒற்றைக் கோடு, சட்டைப் பையில் மூன்று பேனா. இந்த அலுவலகத்துக்கு அவர் வந்து ஆறு வருடம். இந்த ஆறு வருடத்தில் ஒரு தோல்வி அறிக்கைகூட அவர் எழுதியதில்லை என்று சுவரில் சட்டம் போட்ட பாராட்டுக் கடிதம் தொங்கியது. இரண்டு தரப்பும் ஒத்துவராவிட்டால் 'சமரசம் தோல்வி' என்று அவர் எழுதித்தர வேண்டும். அவர் எழுதுவதில்லை. தேதி கொடுப்பார். மனுதாரருக்கு வயதாகும், அல்லது வேறு ஊருக்குப் போய்விடுவார், அல்லது ஒரேயடியாகப் போய்விடுவார். எல்லாமே 'முடிவுற்றது' கட்டில் சேர்ந்துவிடும்.

மனு கொடுத்து, இரண்டு முறை கம்பெனி வராமல் தேதி மாறி, மூன்றாவது முறை கிருத்திவாசன் ஒரு கோப்போடு வந்தார். வருகைப் பதிவேடு. தேசிகன் விரலால் கோடு கோடாகத் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒரு நாள்கூட நீ லீவு போடலயே? இதோ, இன்னிக்குக்கூட ஏழு அம்பத்திரண்டு."

"அது நான் இல்ல சார்."

"முனியம்மாள் நீதானே?"

"நாந்தான்."

"முனியம்மாள் வந்திருக்கான்னு போட்டிருக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சரி, நான் ஒண்ணு கேக்கறேன். வேலை நேரத்துல நீ எப்படி இங்க வந்தே? அனுமதிச் சீட்டு இருக்கா?"

முனியம்மாள் கிருத்திவாசனைப் பார்த்தாள். கிருத்திவாசன் பெருந்தன்மையோடு தலையசைத்தார். "பரவால்ல சார். நாங்க இதைப் பெரிசா எடுத்துக்கல."

"பாத்தியா, எவ்வளவு நல்ல நிர்வாகம்!" என்றார் தேசிகன். சுற்றியிருந்த குமாஸ்தாக்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். ஐயா பேசப் போகிறார் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. "நீ உத்திரமேரூர் கோயில் பாத்திருக்கியோ? ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி குடத்துக்குள்ள ஓலை போட்டுத் தேர்தல் நடத்தினதைச் சுவர் பூராக் கல்லுல வெட்டி வெச்சிருக்கா. அந்த ஓலையில பேர் எழுதின ஆளுகள்ல ஒருத்தராவது இன்னிக்கு இருக்காளா? இல்ல. எழுத்து இருக்கு. அப்ப எதும்மா நிஜம்? ஆளு இன்னிக்கு இருப்பா, நாளைக்குப் போவா. பதிவு நிக்கும். இந்த ஆபீஸ் ஆளைப் பாத்து நடக்கறதில்ல. ஆளைப் பாக்க ஆரம்பிச்சா ஒரு நாளைக்கு ஒரு கேஸ்கூடத் தீராது."

குமாஸ்தாக்கள் தலையாட்டினார்கள். அடுத்த தேதி கொடுக்கப்பட்டது. அன்று முனியம்மாள் நிர்வாகத்திடம் முறையாக அனுமதி வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்றும் குறிப்பு எழுதப்பட்டது.

இறங்கி வரும்போது மாடிப்படியில் அவளுக்கு ஒரு நினைப்பு வந்தது. இருளர் என்று சான்றிதழ் வாங்க அவள் அப்பா பதினோரு வருடம் தாலுகா ஆபீஸுக்கு அலைந்தார். பாம்பு பிடிக்கத் தெரியுமா, எலி வளை எப்படி இருக்கும், எங்கே உங்கள் பாஷையில் பேசு என்றெல்லாம் கேட்டார்கள். நாம் நாமேதான் என்று காட்டுவதற்கு ஒரு ஆயுள் போயிற்று. இப்போது நான் அங்கே இல்லை என்று காட்ட இன்னொரு ஆயுளா?

அந்த வாரம் தபாலில் ஒரு கவர் வந்தது. உள்ளே தங்க ஓரம் போட்ட சான்றிதழ். அந்தக் காலாண்டில் ஒரு நாளும் விடாமல் வேலைக்கு வந்ததற்காக முனியம்மாளுக்குப் பாராட்டு. கூடவே ஒரு போட்டோ. கிருத்திவாசன் பூங்கொத்து கொடுக்கிறார். வாங்குகிறவளுக்கு நீலத் தொப்பி, மாஸ்க், கோட்டு. கண் மட்டும் தெரிந்தது.

முனியம்மாள் அந்தக் கண்ணை வெகுநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்தாள். மறுபடியும் போட்டோவைப் பார்த்தாள். பயந்த கண். கண்ணாடியில் இருந்ததும் அதேதான். கொஞ்ச நேரம் அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. போட்டோவைக் குப்புறப் போட்டு அதன்மேல் அரிசி முறத்தை வைத்தாள். தண்டபாணியிடம் காட்டவில்லை.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் ராஜஸ்ரீ என்கிற வக்கீல் இருந்தாள். முப்பது வயதிருக்கும். சமரச ஆபீஸ் பெஞ்சில் முனியம்மாளைப் பார்த்து அவளே வந்து பேசினாள். எல்லாக் காகிதத்தையும், குப்புறக் கிடந்த போட்டோ உட்பட, பொறுமையாகப் பார்த்தாள்.

"தேசிகன் சார் தோல்வின்னு எழுத மாட்டார்மா. எழுதவும் வேணாம். மனு குடுத்து நாப்பத்தஞ்சு நாள் தாண்டிட்டா, அவர் எழுதித் தராட்டியும் நாமளே நேரா தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போலாம். சட்டத்துல இருக்கு. காண்ட்ராக்ட் ஆளுன்னு சொல்லுவாங்க, அதையும் பாத்துக்கலாம். வேலைய விட்டு எடுக்கணும்னா குற்றச்சாட்டு எழுதிக் குடுக்கணும், உங்க பதிலக் கேக்கணும், முறையா விசாரிக்கணும். ஒண்ணுமே அவங்க பண்ணல. இதெல்லாம் நம்ம பக்கம்தான்."

"அப்ப ஜெயிச்சிருவமா மேடம்?"

ராஜஸ்ரீ போட்டோவைத் தட்டினாள். "இதுதான் இடிக்குது. அவங்க உங்கள நீக்கினோம்னு சொல்லல. நீங்க வேலைல இருக்கீங்கன்னு சொல்றாங்க. இந்த மாஸ்க்குக்குப் பின்னாடி இருக்கிற பொண்ணு வாயத் திறந்து தன் பேரச் சொல்லணும்."

அவளைத் தேடிப் போக வேண்டிய அவசியம் வரவில்லை. கம்பெனியே கூட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த தேதியில் கிருத்திவாசன், "பிரச்சினைய ஒரேயடியா முடிச்சிடலாம் சார். முனியம்மாளையே கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றார். பின்னால் ஒருத்தி வந்தாள். தொப்பி, மாஸ்க், கோட்டு. கழுத்தில் முனியம்மாளின் கார்டு.

தேசிகன் மாஸ்க்கை எடுக்கச் சொன்னார். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். கார்டை வாங்கி அதிலிருந்த போட்டோவையும் இரண்டு முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கார்டு ஒன்பது வருடத்துக்கு முன்பு எடுத்தது.

"நியாயமாச் சொன்னா, போட்டோவுக்கு இவாதான் கிட்ட வரா" என்றார். முனியம்மாள் பக்கம் திரும்பி, "நீ ஒன்பது வருஷம் விலகிப் போயிட்டேம்மா" என்றார், வருத்தத்தோடு.

ராஜஸ்ரீ எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் முனியம்மாள் அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டாள். எத்தனையோ கேட்க வேண்டும் என்று மனதுக்குள் வைத்திருந்தாள். என் சீட்டில் உட்கார உனக்குக் கூசவில்லையா என்று கேட்க நினைத்தாள். பெண் ஒரு காலைச் சரியாக ஊன்றாமல் நிற்பதைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்தது.

"அந்த மெசின் பெடலு இன்னும் எகிறுதா?"

பெண் நிமிர்ந்தாள்.

"அது மிதிச்சா திருப்பி அடிக்கும். கீழ ஒரு மரக்கட்ட வெச்சிக்கினு மிதிக்கணும். அலமாரிக்குப் பின்னால நான் ஒண்ணு வெச்சிருப்பேன். எடுத்துக்கலியா?"

"எனக்கு யாரும் சொல்லலக்கா" என்றாள் பெண். புடவையைக் கெண்டைக்கால் தெரிய உயர்த்தினாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு நெடுகப் பழைய கறுப்பும் புதிய நீலமுமாக அடிபட்டுக் கன்றிய தடங்கள். "வலிக்குதுன்னா, ஒம்போது வருசம் சர்வீசு ஆன ஆளுக்கு இதுகூடத் தெரியாதான்னு திட்றாங்கக்கா."

"சார், இது சமரசத்துக்குச் சம்பந்தமில்லாத..." என்று கிருத்திவாசன் உள்ளங்கையை விரித்தார்.

"நான் சசிரேகா சார்" என்றாள் அவள், தேசிகனைப் பார்த்து. "பழையசீவரம். புதுசா ஆள் சேத்தா பயிற்சி குடுக்கணும், டாக்டர்ட்ட காட்டணும், வெளிநாட்டுக்காரங்க வந்து சோதன பண்றப்ப கேள்வி வரும்னு சொல்லி இந்தக் கார்ட மாட்டி வுட்டாங்க. யாராச்சும் முனியம்மான்னா திரும்பு, மத்தபடி பேசாதன்னாங்க. கூலிய காண்ட்ராக்டர் கைல குடுப்பாரு. நான் முனியம்மான்னு கையெழுத்துப் போடுவேன். சேந்த நாலாம் நா வேன்ல போறப்பவே இந்த அக்காவ ரோட்டுல பாத்தேன். கார்டு போட்டோல கீறது இவங்கதான்னு தெரிஞ்சிபோச்சு. அன்னிலேர்ந்து சோறு எறங்கல சார்."

குமாஸ்தாக்கள் தேசிகனைப் பார்த்தார்கள்.

தேசிகன் நிஜமாகவே கோபப்பட்டார். "உன்னை யாரும்மா பேசச் சொன்னா? ஆஜர் பட்டியல்ல முனியம்மாள்னுதான் இருக்கு. சசிரேகா பேசினதை நான் எந்தக் கணக்குல எழுதறது? பட்டியல்ல இல்லாதவா வாக்குமூலம் குடுத்தா, நாளைக்கு யார் வேணா வந்து உண்மையைப் பேசிட்டுப் போயிடுவா. அப்பறம் ஆபீஸ் எதுக்கு?"

ராஜஸ்ரீ விடவில்லை. அரை மணி நேர வாதத்துக்குப் பிறகு பதிவு ஆனது. 'சசிரேகா என்று தன்னைக் கூறிக்கொள்ளும் முனியம்மாள் கூறியதாவது' என்று குமாஸ்தா ஆரம்பித்தார். ஒரு வாரம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். கீழே இறங்கியதும் கிருத்திவாசன் சசிரேகாவின் கழுத்திலிருந்து கார்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை.

மறுநாள் காலை முனியம்மாள் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஏழு ஐம்பத்திரண்டுக்குச் செய்தி வந்தது.

அவளுக்கு முதலில் சசிரேகா மேல்தான் எரிச்சல் வந்தது. பயந்துபோய்த் திரும்பப் போய்விட்டாள் போல. பஸ் மாறிப் பழையசீவரம் போனாள். மலைக் கோயிலுக்குக் கீழே, பாலாற்றைப் பார்த்த தெருவில் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்தாள். சசிரேகா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் சோப்பு நுரை.

"நீ இன்னிக்கு வேலைக்குப் போவல?"

"கார்டதான் புடுங்கிக்கினாங்களேக்கா. எப்டிப் போவேன்?"

முனியம்மாள் போனை நீட்டினாள். சசிரேகா நுரைக் கையோடு குனிந்து படித்தாள். இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். முனியம்மாள் இங்கே இருக்கிறாள். முனியம்மாளாக இருந்தவளும் இங்கே இருக்கிறாள். அங்கே ஒருத்தி, பெடலுக்குக் கீழே கட்டை வைக்கத் தெரியாத ஒருத்தி, இந்த நிமிடம் அதன்மேல் காலை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"யாருக்கா அது?" என்றாள் சசிரேகா.

முனியம்மாளுக்குத் தெரியவில்லை. யாராக இருந்தாலும் அந்தப் பெண்ணிடமும் பேசாதே என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தேதியன்று கிருத்திவாசன் ஒரு ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். தேசிகன் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக மேஜையில் விரித்தார்.

"நல்ல காலம் பொறந்துடுத்தும்மா உனக்கு. நாளைக்கே வேலைக்கு வரலாம்னு சொல்லிட்டா. அதே மெஷின், அதே சீட்டு. ஒன்பது வருஷ சர்வீஸ் ஒரு நாள்கூட முறியாது. ஏன் முறியலன்னா நீ ஒரு நாள்கூட வராம இல்லயே! எந்தப் பதிவேட்டைப் பாத்து அழுதியோ, அதே பதிவேடு உன்னைக் காப்பாத்திடுத்து. கையெழுத்துப் போடு."

ராஜஸ்ரீ படித்துச் சொன்னாள். முனியம்மாள் இடைவெளியின்றித் தொடர்ந்து வேலையில் இருந்து வந்திருக்கிறாள். அவளை யாரும் நீக்கவில்லை. அவள் பெயரில் வேறு யாரும் வேலை செய்யவில்லை.

"உங்க இஷ்டம்மா" என்றாள் ராஜஸ்ரீ, மெதுவாக. "கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா ஆகும். இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கே வேலை. தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்."

வெளியே பெஞ்சில் சசிரேகா உட்கார்ந்திருந்தாள். அவளும் ஒரு மனு கொடுக்க வந்திருந்தாள். கதவு திறந்தே இருந்ததால் எல்லாம் அவள் காதில் விழுந்தது. அவள் உள்ளே பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேசிகன் தன் பையிலிருந்து எடுத்து நீட்டிய பேனாவை முனியம்மாள் கையில் வாங்கினாள். வீட்டில் அரிசி முறம் எவ்வளவு லேசாகிவிட்டது என்பது அவளுக்குத் தெரியும். சவுக்கு வேலை மழைக்காலத்தில் கிடையாது என்பதும் தெரியும். பேனா முனை காகிதத்தைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தது.

"சார், இதுல போட்டா, அந்த நாளெல்லாம் அங்க நின்னது நான்னு ஆயிடும்?"

"ஆமா."

"அந்தப் பொண்ணு கால்ல பட்ட அடி?"

தேசிகனுக்குப் புரியவில்லை. "எந்த அடி? பதிவுல அடி எதுவும் இல்லயே."

"இப்ப ஒருத்தி நிக்கறாளே, அவளும் நாந்தானா?"

கிருத்திவாசன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

முனியம்மாள் பேனாவை மூடி தேசிகனின் பையில் மற்ற இரண்டோடு சேர்த்து அவளே செருகினாள். அப்படி யாரும் அந்த ஆபீஸில் செய்ததில்லை. "நான் அங்க இல்ல சார். என்ன வெரட்டிட்டாங்க. அதுக்கு அப்பால நான் கீர உருவிக்கினு வூட்ல இருந்தேன். அங்க நின்னது வேற வேற பொம்பளைங்க. அவங்களுக்கும் பேரு கீது. நான் போட மாட்டேன்."

இனித் தேதி கொடுத்தாலும் நேரே கோர்ட்டுக்குப் போய்விடுவோம் என்று ராஜஸ்ரீ சொல்லிவிட்டாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாகத் தேசிகன் தோல்வி அறிக்கை எழுதினார். எழுதி முடித்ததும் சுவரில் தொங்கிய பாராட்டுக் கடிதத்தைக் கழற்றி இழுப்பறைக்குள் வைத்தார். யாரோ இறந்த வீட்டில் நடப்பது போலக் குமாஸ்தாக்கள் சத்தமில்லாமல் நடந்தார்கள். முனியம்மாளின் வழக்கு நீதிமன்றத்தில் எண் வாங்கியது ஆடி மாதத்தில். இன்னும் நடக்கிறது. கம்பெனி மூன்று வாய்தா வாங்கியிருக்கிறது. அவள் இப்போது கழனி வேலைக்குப் போகிறாள், வாய்தா நாள் தவிர.

ஆனால் கையெழுத்துப் போட மறுத்த அன்று முனியம்மாளும் சசிரேகாவும் உடனே கிளம்பவில்லை. சசிரேகாவின் மனு பாக்கி இருந்தது. குமாஸ்தா ஃபாரம் கொடுத்தார். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சசிரேகா பன்னிரண்டாவது படித்தவள், முத்து முத்தாக எழுதுவாள். 'மனுதாரர் பெயர்' என்ற இடத்தில் வேகமாக எழுத ஆரம்பித்து நிறுத்தினாள். காகிதத்தில் 'முனி' என்று இருந்தது.

அடித்துவிட்டு எழுதிக் கொண்டுபோனாள். "அடித்தல் திருத்தல் வாங்க மாட்டோம்" என்று குமாஸ்தா வேறு ஃபாரம் கொடுத்தார். இந்த முறை பேனாவை வைத்தவள் எழுதவே இல்லை. விரல் நகரவில்லை. மை ஒரே இடத்தில் ஊறிப் பெரிதாகிக்கொண்டே போனது.

"வரலக்கா" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "பேரு தெரியுது. கை மாட்டேங்குது."

முனியம்மாளே எழுந்து போய் மூன்றாவது ஃபாரம் கேட்டு வாங்கி வந்தாள். பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து, சசிரேகாவின் முதுகில் கையை வைத்தாள்.

"வாய் வுட்டுச் சொல்லிக்கினே எழுது. சத்தமா."

"எல்லாரும் பாப்பாங்கக்கா."

"பாக்கட்டும்."

"ச" என்றாள் சசிரேகா. பக்கத்தில் இருந்தவளுக்கே கேட்கவில்லை. முனியம்மாள் முதுகைத் தட்டினாள். "ச" என்றாள் மறுபடியும், கொஞ்சம் உரக்க. "சி." வரிசையில் நின்றவர்கள் திரும்பினார்கள். குமாஸ்தா தலையைத் தூக்கினார். உள்ளே தேசிகன் கோப்பைப் புரட்டுவதை நிறுத்தினார். "ரே" என்றாள் அவள். "கா."